அரிசியளவு ஆள்

மலை பார்க்கவென்று பணம் கட்டி வருகிறவர்களுக்கு மலை தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது? எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே இருந்த பழைய பங்களாவை வாங்கி ரிசார்ட்டாக மாற்றிய முதலாளிக்கு அந்தக் கவலை முதல் வருடமே வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தின் கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தார். அதன் வழியே பார்த்தால் பள்ளத்தாக்கும் அதற்கு அப்பால் மொட்டைப்பாறை மலையும் தெரிய வேண்டும். பாதி நாள் தெரிந்தது வெறும் வெள்ளைதான். வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் பக்கத்தில் கோட இறங்கினால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. மூடுபனியை நாங்கள் கோட என்போம். மலையாளத்திலிருந்து வந்து எங்கள் வாயில் குடியேறிவிட்ட சொற்களில் அதுவும் ஒன்று. விருந்தினர்கள் இட்லியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கிளம்பும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். முதலாளி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். எதிர்ச் சுவரில் அதே மலையை வரைந்துவிடுவது. கோட வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

வரைய வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் கட்டிய எஸ்டேட் வீடுகளை லயம் என்பார்கள். அதில் ஒரு வீட்டில் அம்மா, அப்பா, நான், மாமா, மாமாவின் பெயின்ட் டப்பாக்கள் எல்லோரும் இருந்தோம். அம்மா கொழுந்து கிள்ளப் போவாள். அப்பாவுக்கு ஃபாக்டரியில் இலை உலர்த்தும் வேலை. மாமாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு திருநெல்வேலிப் பக்கம் போய், கோயில் கோபுரங்களுக்கு வண்ணம் அடிக்கிற கூட்டத்தில் சேர்ந்து சில வருடம் சுற்றிவிட்டு, கழுத்தில் ஒரு துண்டும் பேச்சில் ஒரு மிதப்புமாகத் திரும்பி வந்தார். வந்தவர் எங்கள் எஸ்டேட் மாரியம்மனில் தொடங்கி அக்கம்பக்கத்துச் சாமிகள் அத்தனை பேரையும் புதுசாக்கிவிட்டார். சாமி கிடைக்காத மாதங்களில் ஜீப்பும் ஆட்டோவும்.

மாமா வரைந்த முருகனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மலை இருக்கும். முருகனின் முழங்கால் உயரத்துக்கு. சாமி முன்னால் நிற்கும்போது மலை வேறு எப்படி இருக்க முடியும்? அதில் யாரும் குறை சொன்னதில்லை. ரிசார்ட்டில் சாமி இல்லை என்பதுதான் சிக்கலாகிவிட்டது.

அது கிறிஸ்துமஸ் லீவு. நான் நாலாம் வகுப்பு. வீட்டில் தனியாக விட வேண்டாம் என்று அம்மா என்னை மாமாவோடு அனுப்பிவிட்டாள். கூடத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, சாரத்தின்மேல் நிற்கும் மாமாவுக்கு வேண்டிய பிரஷ்ஷை எடுத்துக் கொடுப்பதும், வேண்டாதபோது பேசாமல் இருப்பதும் என் வேலை. இரண்டாவது வேலை எனக்குச் சரியாக வரவில்லை. தரையிலிருந்து கூரைவரை மாமா மலையை நிரப்பினார். பாறை, புல், சோலைக்காடு, கீழே தேயிலை என்று ஒன்றையும் விடவில்லை. இல்லாத அருவி ஒன்றையும் இரண்டு மான்களையும் தன் செலவில் சேர்த்துக் கொடுத்தார்.

முதலாளி வந்து பார்த்தார். கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் வாய் நிற்காது.

"இது மலையாணோ, அதோ புற்றாணோ?" என்றார்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. ஆனால் முதலாளி சொன்னது நிஜம். சுவர் முழுக்க மலைதான், இருந்தும் அது மலையாக இல்லை. கறையான் புற்றைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரிதான் இருந்தது. மாமா மானை அழித்தார், அருவியை அழித்தார், உச்சியை இன்னும் கூரையோடு முட்ட வைத்தார். முட்ட முட்டப் புற்றுதான் பெரிதானது. கடைசியில் முதலாளியே வழி சொன்னார். மலைக்குள்ளே ஓர் ஆளை வைக்க வேண்டும். ஆளைப் பார்த்தால்தான் மலையின் அளவு கண்ணுக்குப் பிடிபடும்.

மாமா உடனே ஆளை வைத்தார். கூடை சுமந்த கொழுந்துக்காரி ஒருத்தி, ஒரு முழ உயரம், மூக்குத்தி, அகலக் கண். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள். மலை அவளுக்குப் பின்னால் அவள் இறக்கி வைத்த மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஆளைச் செறுதாக்கடோ," என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மலை தானே வலுதாகும். ஒரு அரிசி, அத்தரயும் மதி."

ஆளைச் சின்னதாக்கினால் மலை தானாகப் பெரிதாகும், ஓர் அரிசியளவு போதும் என்கிறார். மாமா தலையை ஆட்டினார். ஆனால் பிரஷ் நகரவில்லை. முதலாளி போன பிறகு, பழைய கொழுந்துக்காரியைத் துணியால் துடைத்துக்கொண்டே என்னிடம் குறைந்த குரலில் சொன்னார்.

"அரிசியளவுக்கு ஆளு போட்டா கண்ணு எங்கன வைக்கது மருமவளே?"

அதுதான் அவர் தொல்லை. கோயில் வேலையில் உருவத்துக்குக் கண்ணை எழுதுவது கடைசியில். எல்லா வண்ணமும் முடித்து, நல்ல நேரம் பார்த்து, திரைபோட்டுக் கண் திறப்பார்கள். அதுவரை அந்த முகத்தைத் துணியால் மூடிக் கட்டியிருப்பார்கள். கண் திறந்தால்தான் அது உருவம். திறக்காமல் அப்படியே விட்டுவிட்டால், வழி தெரியாமல் அலையும், யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று மாமா நம்பினார். ஜீப்புக் கதவில் எழுதின கழுகுக்குக்கூட அன்றைக்கே கண் வைத்துவிட்டுத்தான் சோறு தின்ன வருவார். அப்படிப்பட்டவரைக் கண் வைக்க இடமில்லாத ஆளை எழுதச் சொன்னால் என்ன செய்வார் பாவம். ஆனால் இந்தச் சுவர் பிடித்துப்போனால் எல்லா அறைகளின் சுவர்களையும் அவருக்கே தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் எர்ணாகுளத்திலிருந்து ஆள் வருமாம். மூன்று நாள் கழித்துப் பெரிய விருந்தினர் கூட்டம் ஒன்று வருவதாக இருந்தது.

இரண்டு பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். நிஜத்தில் அந்த மலைமேல் நிற்கிற ஆள் இங்கிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்துவிடுவது. கண் தெரிகிற அளவுக்கு இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. அதற்கு யாராவது போய் மொட்டைப்பாறைமேல் நிற்க வேண்டும். மாமா என்னைப் பார்த்தார்.

மறுநாள் விடியும்போது அம்மா வேலைக்குப் போனபின் கிளம்பினேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஏற்பாடு. மழைக்காலத்தில் அம்மா இடுப்பில் சுற்றிக்கொள்ளும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் படுதாவை மாமா மடித்து என் கையில் கொடுத்தார்.

"பாறை மேல ஏறி நின்னுக்கிட்டு இதத் தலையில போட்டு ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடி. அப்பத்தான் எனக்குத் தெரியும். நான் இங்கன இருந்து துண்ட வீசுவேன். வீசுனா எறங்கி வந்துரணும், என்ன?"

பள்ளத்தில் இறங்கி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கத் தேயிலை வழியே ஏறினேன். பழகின பாதைதான். தேயிலை முடிந்து புல் தொடங்குகிற இடம்வரை அம்மாவோடு போயிருக்கிறேன். அதற்கு மேலே போனதில்லை. புல்லுக்கு மேலே மொட்டைப்பாறை பள்ளத்தாக்குக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ஏறி நின்றபோது எனக்குப் பின்னால் மலைமுகட்டுக்கு மேலே சூரியன் அப்போதுதான் வந்திருந்தது. முதுகில் வெயில் சுட்டது, முகத்தில் குளிர்.

படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு எதிரே ரிசார்ட்டைப் பார்த்தேன். தீப்பெட்டி ஒன்றை யாரோ மரத்தடியில் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. எங்கள் லயம் முழுவதையும், அத்தனை வீடு, அத்தனை சண்டை, கோழி, கொடியில் காயும் துணி எல்லாவற்றையும், என் கட்டைவிரல் நகத்தால் மறைத்துவிட முடிந்தது. முதலில் அது வேடிக்கையாக இருந்தது. மறைத்தும் திறந்தும் விளையாடினேன். பிறகு கீழே தேயிலைக்குள் பார்த்தேன். கொழுந்து கிள்ளுகிறவர்கள் சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சிதறிக் கிடந்தார்கள். அதில் அம்மா ஒருத்தி. எது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளியாகத் தேடினேன். எந்தப் புள்ளியும் அம்மாவாக இல்லை. இங்கே இருந்து பார்த்தால் அம்மா என்று ஒருத்தி இருப்பதாகவே தெரியவில்லையே என்று பயந்துபோனேன்.

அந்த நேரத்தில்தான் பள்ளத்திலிருந்து கோட கிளம்பியது. மேலிருந்து இறங்கித்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கீழிருந்து எழுந்தது. முதலில் ஓடை போயிற்று. பிறகு பாலம், பிறகு அந்தச் சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றொன்றாக. சத்தமே இல்லாமல் வந்தது. லயம் போயிற்று. தீப்பெட்டியும் போயிற்று. என் கால் நிற்கிற பாறையும் முதுகில் சுடுகிற வெயிலும் மட்டும் மிச்சம். கீழே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் பஞ்சுக்குள் போன மாதிரி அடங்கிவிட்டது.

மாமா துண்டை வீசினாரா என்று தெரியவில்லை. வீசாமல் இறங்கினால் திட்டுவார். படுதாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது எதிரே ஓர் ஆள் நின்றது.

கோடக்குள் நின்றது. தரை இல்லாத இடத்தில். மாமா என்னைத் தேடி வந்துவிட்டார் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பிறகு அதன் கால் எங்கே என்று பார்த்தேன். கால் நீண்டு நீண்டு பள்ளத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. லயமும் ரிசார்ட்டும் இருந்த இடத்தையெல்லாம் அதன் உடம்பு அடைத்துக்கொண்டிருந்தது. மாமா கூரைவரைக்கும் வரைந்த மலை அதன் இடுப்புக்கு வராது. கறுப்பாகவும் இல்லை, சாம்பலாக, கோடயிலேயே செய்தது போல இருந்தது. இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி எதையோ விரித்திருந்தது. தலையைச் சுற்றி வட்டமாக ஓர் ஒளி. உள்ளே மஞ்சள், வெளியே சிவப்பு, மாமா சாமிக்குப் போடுவாரே, அதேபோல.

அதற்குக் கண் இல்லை. மூக்கு இல்லை, வாய் இல்லை, முகமே இல்லை. ஆனால் அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

நான் மூச்சுவிடாமல் நின்றேன். நான் அசையாமல் நிற்கும்போதும் அது அசைந்தது. நெருங்கியது, தள்ளிப்போனது, நெளிந்தது. கோட விலகிய இடத்தில் பாதி உடம்பு காணாமல் போய் மறுபடி வந்தது. நான் வேறு வழி தெரியாமல் கீழே குனிந்து அம்மா இருந்த பக்கம் பார்த்தேன். அதுவும் குனிந்தது. தேயிலைக்குள் எதையோ தேடுவதுபோல அந்த முகமில்லாத முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. நான் "அம்மா" என்று கத்தினேன். சத்தம் போன இடம் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. கோட என்னையும் மூடியது, வெயில் அணைந்தது, அதுவும் போய்விட்டது. போனதா பக்கத்தில் வந்துவிட்டதா என்று தெரியாததுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. பாறையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ மூச்சிரைக்கிற சத்தம் கீழிருந்து ஏறி வந்தது. என் காலை ஒரு கை பிடித்தது. நான் போட்ட கூச்சலில் அந்தக் கை பிடியை விட்டுவிட்டது.

"ஏட்டி, நாந்தாண்டி, அம்மாடி!"

அம்மாதான். முதுகில் பாதி நிறைந்த கொழுந்துச் சாக்கு அப்படியே கட்டியிருந்தது. என்னை முதலில் ஓர் அடி வைத்தாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டாள், பிறகு இன்னோர் அடி. கோட வருமுன்னே பாறைமேல் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்ததாம். கிள்ளுகிறதை நிறுத்திவிட்டு அப்படியே ஏற ஆரம்பித்துவிட்டாளாம். அவ்வளவு தூரத்திலிருந்து நான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தெரியாதாக்கும்," என்றாள். அவ்வளவுதான் பதில்.

அன்று மத்தியானமே எனக்குக் காய்ச்சல் அடித்தது. கம்பளிக்குள் கிடந்து உளறியிருக்கிறேன். மாமா வந்து வாசலில் நின்றார். அவரும் கோடக்குள் என்னைத் தேடி வழி தவறி, முழங்காலில் சிராய்ப்போடு வந்திருந்தார். அம்மா அவரைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்ட மாமா, நான் கோடயில் பார்த்ததைச் சொல்லத் தொடங்கியபோது தலையை நிமிர்த்தினார்.

"பெருசா மாமா. மலையவிடப் பெருசு. கண்ணு இல்ல மாமா, அதுக்குக் கண்ணே இல்ல."

மாமாவின் வாய் பிளந்தது. அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா," என்றார். "புள்ள பாறை மேல ஏறுனதும் நான் கண்ணாடி வழியாப் பாத்தேன். சின்ன மஞ்சப் பொட்டு. அளவு மறந்துரக் கூடாதுன்னு ஓடிப்போயி சொவத்துல அப்படியே ஒரு பொட்டு வச்சேன். வச்சுட்டுத் திரும்புதேன், கோட ஏறி மலையே இல்ல. பதறி ஓடியாந்துட்டேன். கண்ணும் வைக்கல, மூடவும் இல்ல. அது அங்கன தொறந்து கெடக்குக்கா."

சுவரில் அரிசியளவாக எழுதினது மலையில் அத்தனை பெரிதாக நின்றிருக்கிறது என்று மாமா நினைத்துவிட்டார். அம்மாவும் அப்படியே நினைத்தாள். இப்போது யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரலாம். அன்றைக்கு என் மயிர்க்கால் ஒவ்வொன்றும் நட்டுக்கொண்டது. என் படுதாவைப் போட்டுக்கொண்டு என் இடத்தில் ஒருத்தி நிற்கிறாள், அவளுக்குக் கண் தெரியாது, அவள் துணைக்கு ஆள் தேடுகிறாள்.

அப்பா வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டு மாத்திரை வாங்கி வந்தார். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அம்மா என்னைக் கம்பளியோடு தோளில் போட்டுக்கொண்டு, மாமாவை முன்னால் நடக்கவிட்டு, ரிசார்ட்டுக்குப் போனாள். லயத்துப் பெண்கள் அந்தக் கூடத்துக்குள் அதுவரை போனதில்லை. வாசலில் செருப்பை விட்டாள். கோயிலுக்குள் போகிறவள்போலத்தான் போனாள்.

அம்மாவின் தோளிலிருந்து நானும் சுவரைப் பார்த்தேன். மாமா வரைந்ததாகவே இல்லை. முந்தின நாள்வரை புற்றாக இருந்தது மலையாகிவிட்டிருந்தது. பாறைகள் எங்கேயோ உயரத்தில் இருந்தன. பார்க்கப் பார்க்கக் கால் கூசியது. அத்தனையும் அந்த மூக்குப் பாறையின்மேல் வைத்த ஒரு மஞ்சள் பொட்டால் வந்தது. மாமா அதன்மேல், சவரத்தில் வெட்டுப்பட்ட கன்னத்தில் ஒட்டுவதுபோலக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டப் போனார். அம்மா தடுத்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"இது எம்புள்ளதான்," என்றாள். "கண்ணத் தொற. இல்லன்னா அழிச்சுப் போடு."

மாமா தன்னிடம் இருந்ததிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். அதிலும் மயிரைக் கத்தரித்து இரண்டு மூன்றை மட்டும் விட்டார். நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு, சாமி பெயரைச் சொல்லிக் கண் வைத்தார். பொட்டு கலங்கி அழுக்காயிற்று. கண் வந்ததும் ஆள் போய்விட்டது. துடைத்து மறுபடி மஞ்சள் வைத்தார். மறுபடி கண், மறுபடி அழுக்கு. கடைசியில் மொத்தமாகத் துடைத்தார். துடைத்த உடனே மலை இறங்கிப் பழையபடி புற்றாகிவிட்டது. எங்கள் மூன்று பேர் கண் முன்னால் அது நடந்தது. மாமா அம்மாவைப் பார்த்தார். மறுநாள் காலையில் விருந்தினர் வருகிறார்கள். எர்ணாகுளத்து ஆளும் எங்கேயோ காத்திருக்கிறான்.

அம்மா வெகுநேரம் அந்தக் காலிப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாறையில் நான் இல்லாதது அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"ஏலேய்," என்றாள் திடீரென்று. "கொழுந்து கிள்ளுதவ மொகத்த எவன் பாத்தான்? ரோட்டுல கார நிறுத்திப் படம் பிடிக்கானே, அவனுக்கு எங்க முதுகுதான தெரியும். இவளத் திருப்பி நிறுத்து."

மாமாவுக்குப் புரியவில்லை.

"மலையப் பாத்து நிக்கட்டும்ல. மொகம் அந்தப் பக்கம் இருக்கட்டும். முதுகுக்கு யாரு கண்ணு வைப்பா?"

மாமா சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. மஞ்சள் பொட்டை வைத்தார். அதன்மேல் கறுப்பில் ஒரே ஓர் இழுப்பு. அது சடை. சடை விழுந்ததும் அவள் திரும்பி நின்றுவிட்டாள். மலை மறுபடி எழுந்தது. அவளுக்குக் கண் அந்தப் பக்கம் இருக்கிறது, திறந்திருக்கிறது, இல்லை என்று எவனாலும் சொல்ல முடியாது. அம்மா கையில் கொண்டுபோன திருநீற்றை என் நெற்றியில் பூசினாள். மிச்சத்தைச் சுவரில் பூசப் போனவளை மாமா கையைப் பிடித்து நிறுத்தினார்.

அன்று சாயங்காலம் வியர்த்துக் காய்ச்சல் விட்டது. மாமா சடையால் என்றார். அப்பா மாத்திரையால் என்றார். முதலாளி மலை "வலுதாயி" என்று மாமாவின் தோளில் தட்டி, சொன்னபடி எல்லா அறைகளையும் கொடுத்தார். விருந்தினர்கள் கோட வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டார்கள். நான் மட்டும் பெரியவளாகும்வரை அந்தக் கூடத்துக்குள் தனியாகப் போனதில்லை. முதுகு காட்டி நிற்கிறவள் நான் பார்க்கும்போது திரும்பிவிட்டால் என்ன செய்வது?

இப்போது குமுளியில் ஓர் ஓட்டலில் வேலை பார்க்கிறேன். விருந்தினர்களை ஜீப்பில் ஏற்றி, விடியற்காலையில் மலைமுகட்டுக்கு அழைத்துப்போய் மலை காட்டுவது என் வேலைகளில் ஒன்று. போன குளிர்காலத்தில் ஒருநாள் கீழே பள்ளம் நிறையக் கோட, முதுகுக்குப் பின்னால் வெயில். வந்திருந்தவர்கள் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். திடீரென்று ஒரே கூச்சல். கோடக்குள் பெரிய பெரிய ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். இவர்கள் கையைத் தூக்கினால் அவர்களும் தூக்கினார்கள். நம் நிழல்தான், கோடயில் விழுந்தால் இப்படித் தெரியும் என்று ஒருவர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். ஒளிவட்டம் என் தலையில்தான் இருக்கிறது என்று கணவன் சொல்ல, இல்லை என் தலையில்தான் என்று மனைவி சொல்ல, அங்கேயே சண்டை. அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையில்தான் வட்டம் தெரியுமாம்.

நான் அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன். எனக்கு எதிரிலும் ஒருத்தி நின்றாள். தலையைச் சுற்றி வட்டம். முகம் இல்லை. எனக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்தது. பழைய பயம் எட்டிப் பார்த்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஜீப்புக்குத் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, விருந்தினர்களுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மொட்டைப்பாறையில் இப்போது ஒரு கோயில் இருக்கிறது. கோயில் என்றால் நாலு செங்கல், ஒரு கல், கல்லுக்கு மஞ்சள் துணி. என்னைத் திருப்பிக் கொடுத்ததற்காக அம்மா அந்த லீவு முடிந்து வந்த பொங்கலுக்கே போய் விளக்கு வைத்தாள். அடுத்த வருடம் லயத்திலிருந்து இன்னும் நாலு பேர் போனார்கள். கோடக்காரி என்று பெயரும் வைத்தாயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மாடு காணவில்லை என்றாலும் அவளிடம்தான் முறையிடுகிறார்கள். உருவம் செய்து கொடுக்கச் சொல்லி மாமாவைக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். மாமா கண் வைக்காத ஒரே சாமி அதுதான். தை பிறந்தால் அம்மா என்னையும் கூட்டிப்போகிறாள். எல்லோரும் கும்பிடும்போது நானும் கும்பிட வேண்டியிருக்கிறது. யாரைக் கும்பிடுகிறோம் என்று அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.

கோடக்காரி எப்படி இருந்தாள் என்று ஊரில் எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நானும் அலுக்காமல் சொல்லியிருக்கிறேன். மலையைவிடப் பெரியவள், கண் இல்லாதவள், இறக்கை விரித்தவள், குனிந்து தேயிலைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தவள். எதைத் தேடினாள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கீழே அத்தனை புள்ளிகளுக்குள் தன் அம்மா எங்கே என்றுதான் அவள் தேடினாள்.